மூணு நாள்ல அக்செப்டன்ஸ் தர்ற ஜர்னல்ல பேப்பர் போடலாமா?

ஆராய்ச்சி, ஜர்னல், பேப்பர்னு போன மாசம் இதைப் பத்தி எழுதச் சொன்னதுல இருந்து நிறைய கடிதம் வந்திருக்கு. கேட்டவங்க பேர் எல்லாம் வேண்டாம்னு நானே எடுத்துட்டேன், ஊர் மட்டும் இருக்கு.

கேள்வி: மேடம், பிஎச்டி கடைசி வருஷத்துல இருக்கேன். சினாப்சிஸ் (தீசிஸுக்கு முன்னாடி குடுக்கற சுருக்கம்) குடுக்கணும்னா ரெண்டு பேப்பர் வந்திருக்கணும்னு சொல்றாங்க, எனக்கு ஒண்ணு தான் வந்திருக்கு. ஒரு ஜர்னல்ல இருந்து மெயில் வந்துச்சு, மூணு நாள்ல அக்செப்டன்ஸ், 3,500 ரூபா கட்டினா போதும், சர்டிஃபிகேட்டும் உண்டாம். ஐஎஸ்எஸ்என் நம்பர் இருக்கு, இம்பேக்ட் ஃபேக்டர் 7.8னு போட்டிருக்காங்க. லேப்ல சீனியர்ஸ் எல்லாம் இப்படித்தான் போட்டாங்களாம். போடலாமா?
ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: போடாதீங்கம்மா. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

ஒரு பேப்பர் ஜர்னலுக்கு வந்தா எடிட்டர் முதல்ல படிக்கணும், அப்புறம் அதே துறைல வேலை பண்ற ரெண்டு மூணு பேர தேடிப் பிடிக்கணும், நிறைய பேருக்கு மெயில் போட்டா கொஞ்சம் பேர் தான் சரிம்பாங்க, அவங்களும் சம்பளம் வாங்காம தான் படிக்கறாங்க, அவங்க உங்க மெத்தட்ஸ பார்த்து, டேபிள்ல இருக்கற கூட்டுத்தொகை சரியா வருதான்னு பார்த்து, இந்த கன்ட்ரோல் ஏன் வைக்கலன்னு கேட்டு எழுதி அனுப்பணும். இதுக்கு வாரக்கணக்குல ஆகும், பல சமயம் மாசக்கணக்குல. மூணு நாள்ல அக்செப்ட் ஆச்சுன்னா யாரும் படிக்கலன்னு தான் அர்த்தம். நாலு வருஷம் உழைச்ச வேலைய யாருமே படிக்காம ஒரு பிடிஎஃப் ஆக்கி வெப்சைட்ல போடறதுக்கு நீங்க ஏன் காசு குடுக்கணும்?

ஐஎஸ்எஸ்என் பார்த்து நம்பாதீங்க, அது ஒரு பத்திரிகைக்கு குடுக்கற அடையாள நம்பர், தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, சமையல் மாத இதழ் நடத்தறவங்களும் வாங்கலாம். இம்பேக்ட் ஃபேக்டர்னா ஒரு ஜர்னல்ல வந்த பேப்பர்கள மத்தவங்க சராசரியா எத்தனை தடவை மேற்கோள் காட்டறாங்கங்கற கணக்கு, கிளாரிவேட் கம்பெனி வருஷா வருஷம் வெளியிடற ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸ்ல இருக்கறது மட்டும் தான். முன்னாடி குளோபல், யுனிவர்சல்னு ஏதாவது ஒட்டி வர்ற இம்பேக்ட் ஃபேக்டர் எல்லாம் வேற வேற ஆளுங்க காசு வாங்கிட்டு போட்டுக் குடுக்கற நம்பர்.

இதை டெஸ்ட் பண்ணியே பார்த்திருக்காங்க. 2013ல ஜான் போஹானன்ங்கற பத்திரிகையாளர் சயின்ஸ் ஜர்னலுக்காக ஒரு பொய் பேப்பர் தயார் பண்ணினார். பாறைல படர்ற லைக்கன்ல இருந்து எடுத்த ஒரு மூலக்கூறு கேன்சர் செல்ல அழிக்குதுன்னு எழுதி, துறை தெரிஞ்ச யாரும் அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிக்கற மாதிரி தப்ப வேணும்னே உள்ள வச்சு, இல்லாத ஆளு பேர்ல இல்லாத இன்ஸ்டிடியூட் பேர்ல 304 ஜர்னலுக்கு அனுப்பினார். 157 ஜர்னல் ஏத்துக்கிச்சு, 98 தான் வேண்டாம்னு சொல்லிச்சு. அவர் அனுப்பின ஜர்னல்கள்ல அதிக எண்ணிக்கை நம்ம நாட்டுல இருந்து நடக்கறது. எனக்கு இன்னைக்கும் இதைச் சொல்லும்போது வயித்தெரிச்சலா இருக்கு, ஏன்னா ஒழுங்கா வேலை பண்ற நம்ம பசங்களையும் வெளிநாட்டுல சந்தேகமா பார்க்கறாங்க.

ஹைதராபாத்ல இருக்கற ஓமிக்ஸ் கம்பெனி மேல அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016ல கேஸ் போட்டுது. துறை ஆளுங்கள வச்சு பேப்பர ரிவ்யூ பண்றோம்னு சொல்லிட்டு பண்ணல, ஃபீஸ் எவ்ளோன்னு முன்னாடியே சொல்லல, சம்மதம் கேக்காமலே விஞ்ஞானிங்க பேர எடிட்டர்னு போட்டுக்கிட்டாங்க, பேப்பர வாபஸ் வாங்கவும் விடலங்கறது குற்றச்சாட்டு. 2019 மார்ச்ல கோர்ட் 5 கோடி டாலருக்கு மேல கட்டச் சொல்லி தீர்ப்பு குடுத்துச்சு.

நம்ம யூஜிசியும் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 மே மாசம் தான் ஏத்துக்கற ஜர்னல் லிஸ்ட்ல இருந்து 4,305 ஜர்னல தூக்கினாங்க, அப்புறம் கேர்னு ஒரு புது லிஸ்ட் கொண்டு வந்தாங்க, 2025 பிப்ரவரில அதையும் நிறுத்திட்டு எந்த ஜர்னல் நல்லதுன்னு காலேஜும் யுனிவர்சிட்டியுமே முடிவு பண்ணிக்கங்கன்னு விட்டுட்டாங்க. அதனால யாராவது இது யூஜிசி கேர் ஜர்னல்னு இன்னைக்கு வித்தா அந்த பேச்சே பழசு. இன்னொன்னு, தீசிஸ் குடுக்க பேப்பர் கட்டாயம்ங்கற விதிய யூஜிசி 2022 நவம்பர்லயே எடுத்துட்டாங்க. ஆனா யுனிவர்சிட்டி தன் விதில வச்சுக்கலாம். உங்க யுனிவர்சிட்டி பிஎச்டி ரெகுலேஷன் புக்க எடுத்து நீங்களே படிச்சுப் பாருங்க, அங்க ஒண்ணு போதும்னு இருந்து, டிபார்ட்மென்ட்ல வாய்வழக்கா ரெண்டுன்னு சொல்லிட்டு இருந்தாலும் இருக்கலாம்.

எந்த ஜர்னலையும் செக் பண்ண சிம்பிளா ஒரு வழி. அதுல உங்க டாபிக்ல வந்த ஒரு பேப்பர டவுன்லோடு பண்ணி முழுசா படிங்க. முதல் பக்கத்துல ரிசீவ்டு தேதி, அக்செப்டட் தேதி இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ நாள்னு பாருங்க. எடிட்டோரியல் போர்டுல ஒருத்தர் பேர எடுத்து அவரோட யுனிவர்சிட்டி பக்கத்துக்கு போய், இந்த ஜர்னல் பேர அவரே போட்டிருக்காரான்னு பாருங்க, சந்தேகம்னா அவருக்கே ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. ஸ்கோபஸ்ங்கற ஆராய்ச்சி ஜர்னல் தொகுப்புல இருக்குன்னு சொன்னா ஜர்னல் வெப்சைட்ல இருக்கற லோகோவ நம்பாம ஸ்கோபஸோட சோர்ஸ் லிஸ்ட்ல போய் பாருங்க, இடைல நிறுத்திட்டாங்கன்னா அதுவும் அங்க தெரியும். நல்ல ஜர்னல் பேர்லயே போலி வெப்சைட் நடத்தறவங்களும் இருக்காங்க, அதனால லிங்கையும் அந்த லிஸ்ட்ல இருந்தே எடுங்க.

கேள்வி: நான் ஏற்கனவே அப்படி ஒரு ஜர்னலுக்கு அனுப்பிட்டேன் மேடம். வாபஸ் வாங்கறேன்னு சொன்னா அதுக்கு தனியா 8,000 ரூபா கட்டணும்ங்கறாங்க.
ஆய்வு மாணவர், வேலூர்

பதில்: கட்டாதீங்க தம்பி. காப்பிரைட் ஃபார்ம்ல இன்னும் கையெழுத்து போடலன்னா போடவே வேண்டாம். இந்த பேப்பர வாபஸ் வாங்கறேன், வெளியிட எனக்கு சம்மதம் இல்லன்னு தேதியோட தெளிவா மெயில் எழுதி எல்லாத்தையும் சேவ் பண்ணி வைங்க. அடுத்து நல்ல ஜர்னலுக்கு அனுப்பும்போது கவர் லெட்டர்ல நடந்ததை அப்படியே எழுதுங்க, மறைச்சிட்டு அவங்க அதை நாளைக்கு வெப்சைட்ல போட்டுட்டா ஒரே பேப்பர ரெண்டு இடத்துல போட்டதா உங்க மேல தான் வரும்.

கேள்வி: எங்க காலேஜ்ல யார் பேப்பர் எழுதினாலும் ஹெச்ஓடி (துறைத் தலைவர்) பேரு, மேனேஜ்மென்ட்ல ஒருத்தர் பேரு கண்டிப்பா இருக்கணும். இல்லன்னா லேப் சாவி கூட கிடைக்காது. இது தப்பா, இல்ல எல்லா இடத்துலயும் இப்படித்தானா?
உதவிப் பேராசிரியர், கோயம்புத்தூர்

பதில்: தப்பு சார். பல இடத்துல நடக்குதுங்கறதும் உண்மை. பேப்பர்ல பேர் போடறது கல்யாணப் பத்திரிகைல பெரியவங்க பேர் போடற மாதிரி இல்ல.

மெடிக்கல் ஜர்னல் எடிட்டர்கள் சேர்ந்து வச்சிருக்கற ஐசிஎம்ஜேஇ விதிகள மத்த துறைக்காரங்களும் பார்த்துப்பாங்க. அதுல நாலு நிபந்தனை இருக்கு, நாலும் ஒருத்தருக்கு பொருந்தணும்: ஆராய்ச்சியோட யோசனைலயோ டேட்டா எடுக்கறதுலயோ அலசறதுலயோ பெரிய பங்கு இருக்கணும், எழுதறதுலயோ திருத்தறதுலயோ பங்கு இருக்கணும், கடைசி வடிவத்த படிச்சு சரின்னு சொல்லியிருக்கணும், இதுல எந்த பகுதில கேள்வி வந்தாலும் நான் பொறுப்புன்னு ஏத்துக்கணும். லேப் குடுத்தாரு, ஃபண்டு வாங்கிக் குடுத்தாருன்னா கடைசில நன்றி பகுதில போடுங்க, அது அதுக்குத்தான் இருக்கு.

அந்த நாலாவது நிபந்தனைய உங்க ஹெச்ஓடி கிட்ட காட்டுங்க. 2020 மே 22 அன்னைக்கு லான்செட்ங்கற பெரிய மெடிக்கல் ஜர்னல்ல ஒரு பேப்பர் வந்துச்சு, 671 ஆஸ்பத்திரி, 96,032 கொரோனா நோயாளிகள், ஹைட்ராக்சிகுளோரோகுயின் குடுத்தவங்க அதிகமா இறந்தாங்கன்னு. உலக சுகாதார நிறுவனம் ரெண்டு மூணு நாள்ல தன்னோட டிரயல்ல அந்த மருந்த நிறுத்தி வச்சாங்க. அப்புறம் ஆஸ்திரேலியாக்காரங்க கணக்கு பார்த்தாங்க, அந்த பேப்பர்ல ஏப்ரல் 21 வரைக்கும் அங்க அஞ்சு ஆஸ்பத்திரில மட்டும் 73 சாவுன்னு இருக்கு, ஆனா அந்த தேதிக்கு நாடு முழுக்க பதிவானதே 67 தான். டேட்டா குடுத்தது சர்ஜிஸ்ஃபியர்னு ஒரு சின்ன கம்பெனி, அதோட முதலாளியும் ஒரு ஆத்தர். மத்த மூணு ஆத்தர்களும் வெளியாள வச்சு டேட்டாவ செக் பண்ணணும்னு கேட்டப்போ கம்பெனி தரமாட்டேன்னுச்சு, ஜூன் 4 அன்னைக்கு அந்த மூணு பேரும் பேப்பர வாபஸ் வாங்கினாங்க. உலகம் மூச்சுத் திணறிட்டு இருந்த நேரத்துல, மூல டேட்டாவ கண்ணால பார்க்காம கையெழுத்து போட்டதால பெரிய பெரிய டாக்டர்கள் மன்னிப்பு கேக்க வேண்டியதாச்சு. உங்க ஹெச்ஓடி படிக்காத பேப்பர்ல நாளைக்கு ஒரு படம் தப்புன்னு வந்தா அவர் பேரும் இதே மாதிரி வாபஸ் நோட்டீஸ்ல தான் வரும்.

நீங்க ஜூனியர், சண்டை போட முடியாதுன்னு தெரியும். வேலை ஆரம்பிக்கும்போதே யார் என்ன பண்ணப் போறாங்க, யார் யார் பேர் வரும்னு ஒரு மெயில்ல எழுதி எல்லாருக்கும் அனுப்பிடுங்க. பேப்பர் முடிஞ்ச அப்புறம் பேசினா தான் மனஸ்தாபம். இப்ப நிறைய ஜர்னல்ல ஒவ்வொரு ஆத்தரும் என்ன பண்ணாங்கன்னு எழுதச் சொல்றாங்க, அந்த ஃபார்ம நீட்டி சார் உங்களுக்கு இதுல என்ன போடட்டும்னு மரியாதையாவே கேக்கலாம்.

கேள்வி: பேத்திக்கு எம்எம்ஆர் ஊசி (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேர்த்து போடறது) போடணும். மருமக போன்ல ஒரு மெசேஜ் வந்திருக்கு, இந்த ஊசியால ஆட்டிசம் வருதுன்னு லண்டன் டாக்டரே பெரிய ஜர்னல்ல எழுதியிருக்காராம். நெசமாவா அம்மா? பெரிய ஜர்னல்னா பொய் போடுவாங்களா?
காரைக்குடி வாசகி

பதில்: ஊசி போடுங்கம்மா, தள்ளிப் போடாதீங்க. அந்த கதைய முழுசா சொல்றேன், மருமககிட்டயும் படிச்சுக் காட்டுங்க.

1998 பிப்ரவரில லான்செட்ல அந்த கட்டுரை வந்தது நெசம். லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரில வேலை பார்த்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவரோட சேர்ந்தவங்களும் எழுதினது. மொத்தமே 12 பிள்ளைங்க. அதுல எட்டு பேரோட பெத்தவங்க ஊசி போட்ட அப்புறம் தான் பிள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு சொன்னதா எழுதியிருந்தாங்க. ஊசி போடாத பிள்ளைங்களோட ஒப்பிட்டுப் பார்க்கவே இல்ல. வேக்ஃபீல்டு பத்திரிகைக்காரங்கள கூப்பிட்டு மூணு நோய்க்கான ஊசியையும் தனித்தனியா போடணும்னு பேசினாரு, அது காட்டுத்தீயா பரவிச்சு.

பிரையன் டியர்னு ஒரு பத்திரிகையாளர் 2003ல இதை நோண்ட ஆரம்பிச்சார். ஊசி கம்பெனி மேல கேஸ் போடறதுக்கு ஆதாரம் தேடிட்டு இருந்த வக்கீல் கிட்ட இருந்து வேக்ஃபீல்டு காசு வாங்கியிருக்காரு, மொத்தம் 4,35,643 பவுண்டு. அந்த கேஸ் சம்பந்தப்பட்டவங்களோட பிள்ளைங்களே அந்த 12 பேர்ல இருந்தாங்க. கட்டுரை வர்றதுக்கு முந்தின வருஷமே தனியா ஒரு தட்டம்மை ஊசிக்கு பேட்டன்ட் கேட்டு மனு போட்டிருக்காரு. இதுல எதையும் கட்டுரைல சொல்லல. தன் பையனோட பர்த்டே பார்ட்டிக்கு வந்த பிள்ளைங்ககிட்ட ஆளுக்கு அஞ்சு பவுண்டு குடுத்து ரத்தம் எடுத்திருக்காரு. பிறந்தநாள் விழாவுல, கேக் சாப்பிட வந்த பிள்ளைங்ககிட்ட! அப்புறம் ஆஸ்பத்திரி ரெக்கார்டோட கட்டுரைய ஒப்பிட்டப்போ 12 பேர்ல ஒருத்தரோட விவரம் கூட மாத்தாம எழுதப்படலன்னு தெரிஞ்சுது.

கூட எழுதினவங்கள்ல 10 பேர் 2004லயே அந்த முடிவுக்கு நாங்க பொறுப்பில்லன்னுட்டாங்க. ஆனா லான்செட் முழுசா ரத்து பண்ணது 2010 பிப்ரவரில தான். அதே வருஷம் மே மாசம் பிரிட்டன் மெடிக்கல் கவுன்சில் அவர டாக்டர் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க. ஆக 12 வருஷம் அந்த கட்டுரை செல்லுபடியா இருந்திருக்கு. அந்த 12 வருஷத்துல இங்கிலாந்துல ஊசி போடறவங்க 80 சதவீதத்துக்கு இறங்கி, 2006ல தட்டம்மைல 13 வயசு பையன் ஒருத்தன் இறந்தான், அங்க 14 வருஷத்துல முதல் சாவு அது. பெரிய ஜர்னல் பொய் போடுமான்னு கேட்டீங்க இல்ல, தெரிஞ்சே போடாதும்மா, ஆனா ஏமாறும், ஏமாந்தது தெரிஞ்ச அப்புறமும் கௌரவம் பார்த்து இழுத்தடிக்கும், அது தான் எனக்கு தாங்க முடியாத கோபம்.

அதுக்கு அப்புறம் பல நாட்டுல பெரிசா ஆராய்ச்சி பண்ணிட்டாங்க. டென்மார்க்ல 6,57,461 பிள்ளைங்கள வருஷக்கணக்கா பார்த்து 2019ல வெளியிட்டாங்க, ஊசி போட்ட பிள்ளைங்களுக்கு ஆட்டிசம் அதிகம் வரல. நம்ம தமிழ்நாட்டுலயும் 2017 பிப்ரவரில தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம் ஆரம்பிச்சப்போ வாட்ஸ்அப் வதந்திய நம்பி நிறைய பெத்தவங்க பிள்ளைங்கள அனுப்பல, ஞாபகம் இருக்கும். பேத்திக்கு வேற ஏதாவது உடம்பு தொந்தரவு இருந்தா அதை மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

கேள்வி: சப்மிட் பண்ணும்போது ரிவ்யூவர் பேர நாமே சஜஸ்ட் பண்ணச் சொல்றாங்க. ஃப்ரெண்டு பேர குடுத்தா தப்பா?
பொறியியல் கல்லூரி ஆசிரியர், சேலம்

பதில்: தப்பு. கூட படிச்சவங்க, கைடு, சமீபத்துல சேர்ந்து பேப்பர் எழுதினவங்க யாரையும் குடுக்கக் கூடாது. துறைல நல்லா தெரிஞ்ச, உங்களுக்கு பழக்கமில்லாத ஆளு பேர, அவங்க யுனிவர்சிட்டி மெயில் ஐடியோட குடுங்க. தென்கொரியால ஒருத்தர் ரிவ்யூவர்னு பொய்யா மெயில் ஐடி உருவாக்கி, தன் பேப்பர தானே ரிவ்யூ பண்ணிக்கிட்டு இருந்தார், 2012ல மாட்டினார். எப்படி மாட்டினார்னா ரிவ்யூ எல்லாம் 24 மணி நேரத்துக்குள்ள வந்துட்டு இருந்துச்சு, எடிட்டருக்கு சந்தேகம் வந்துருச்சு, கேட்டதும் ஒத்துக்கிட்டார். இப்ப இதையே காசு வாங்கிட்டு தொழிலா பண்ற பேப்பர் மில் வந்தாச்சு, ஆத்தர் இடத்தையே விக்கறாங்க. ஹிந்தாவிங்கற பப்ளிஷர வைலி 2021ல வாங்கினாங்க, அதோட ஸ்பெஷல் இஷ்யூக்குள்ள இந்த கும்பல் புகுந்திருந்தது தெரிஞ்சு 2023ல மட்டும் 8,000க்கு மேல பேப்பர ரத்து பண்ண வேண்டி வந்துச்சு. உங்களுக்கும் டெலிகிராம்ல செகண்ட் ஆத்தர் இவ்ளோ, ஃபர்ஸ்ட் ஆத்தர் இவ்ளோன்னு மெசேஜ் வரும், பிளாக் பண்ணிடுங்க.

கேள்வி: என் தீசிஸ்ல சிமிலாரிட்டி (மத்தவங்க எழுதினதோட ஒத்துப்போற அளவு) 38 சதவீதம் வருது. ஒரு சாஃப்ட்வேர்ல போட்டா வார்த்தைய மாத்தி 8க்கு கொண்டு வந்துருமாம். ஏஐ வச்சு எழுதினாலும் கண்டுபிடிக்க முடியாதுங்கறாங்க.
ஆய்வு மாணவர், மதுரை

பதில்: யூஜிசியோட 2018 விதிப்படி 10 வரைக்கும் தண்டனை இல்ல, 10ல இருந்து 40 வரைக்கும் திருத்தி ஆறு மாசத்துக்குள்ள திரும்ப குடுக்கணும், 40ல இருந்து 60னா ஒரு வருஷம் திருத்தினத குடுக்க முடியாது, 60க்கு மேல போனா ரெஜிஸ்ட்ரேஷனே கேன்சல். ஆனா உங்க 38 எங்க இருந்து வருதுன்னு முதல்ல ரிப்போர்ட்ட திறந்து பாருங்க தம்பி. ரெஃபரன்ஸ் லிஸ்ட், மேற்கோள் குறில இருக்கறது, 14 வார்த்தை வரைக்கும் தொடர்ந்து வர்ற பொதுவான சொற்கள் இதெல்லாம் கணக்குல வராது. அதைக் கழிச்ச அப்புறமும் மிச்சம் இருந்தா அந்த பத்திய மூடி வச்சுட்டு, புரிஞ்சத உங்க சொல்லுல எழுதி, யார்கிட்ட இருந்து எடுத்தீங்கன்னு போடுங்க.

அந்த சாஃப்ட்வேர் பக்கமே போகாதீங்க. 2021ல பிரான்ஸ்ல கில்லாம் கபனாக்கும் அவரோட சேர்ந்த ரெண்டு பேரும் இந்த வேலைய தான் பிடிச்சாங்க, சாஃப்ட்வேர் வார்த்தைக்கு வார்த்தை மாத்தினதுல ப்ரெஸ்ட் கேன்சர்னு இருக்க வேண்டிய இடத்துல பூசம் பெரில் (bosom peril), ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்க்கு கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்னு வந்திருந்துச்சு. அந்த மாதிரி சொற்கள தேடியே பேப்பர் பேப்பரா பிடிக்கற டூல் இப்ப ஓடிட்டு இருக்கு, தீசிஸ் ஷோத்கங்காங்கற இந்திய தீசிஸ் வெப்சைட்ல ஏறி எல்லாருக்கும் தெரியற மாதிரி இருக்கும், பத்து வருஷம் கழிச்சு கூட மாட்டலாம். ஏஐ விஷயத்துல, ஏஐய ஆத்தரா போட முடியாது, ஏன்னா அது எதுக்கும் பொறுப்பேத்துக்க முடியாது, கோப்ங்கற எடிட்டர்கள் அமைப்பு 2023லயே சொல்லிட்டாங்க. இங்கிலீஷ் திருத்த பயன்படுத்தினா எந்த டூல், எதுக்குன்னு எழுதிடுங்க, உங்க கைடுக்கும் முன்னாடியே சொல்லிடுங்க. அது குடுக்கற ரெஃபரன்ஸ ஒவ்வொண்ணா திறந்து பார்க்காம சேர்க்காதீங்க, இல்லாத பேப்பர இருக்கற மாதிரியே எழுதிக் குடுக்கும்.

கேள்வி: ரெண்டு வருஷம் முன்னாடி வந்த என் பேப்பர்ல ஒரு கிராஃப்ல டேட்டா டேபிளோட ஒரு காலம் (column) மாறிப் போயிருக்குன்னு இப்ப தான் கவனிச்சேன். முடிவே கொஞ்சம் மாறுது. யாரும் கண்டுபிடிக்கல. சொன்னா ரிட்ராக்ட் (பேப்பர ரத்து) பண்ணிடுவாங்களோ, என் பேர் கெட்டுடுமோன்னு தூக்கமே வரல மேடம்.
போஸ்ட்டாக் ஆய்வாளர், பெங்களூரு

பதில்: சொல்லிடுங்க. முடிவு நிக்குது, ஒரு பகுதி மட்டும் மாறுதுன்னா பெரும்பாலும் கரெக்ஷன் நோட்டீஸோட முடிஞ்சிடும். முடிவே நிக்கலன்னா தான் ரிட்ராக்ஷன், அதுவும் ஏமாத்தினவங்களுக்கு மட்டும் இல்ல, கோப் வழிகாட்டில நேர்மையான தவறுக்கும் ரிட்ராக்ஷன் உண்டு, என்ன காரணம்னு நோட்டீஸ்ல எழுதணும்னும் இருக்கு. பிரான்சஸ் ஆர்னால்ட் 2018ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்கினவங்க. அடுத்த வருஷம் சயின்ஸ்ல வந்த அவங்க குழுவோட பேப்பர்ல ரிசல்ட் திரும்ப வரல, லேப் நோட்டுல முக்கியமான நாட்களோட பதிவும் இல்லன்னு தெரிஞ்சதும் 2020 ஜனவரில ரிட்ராக்ட் பண்ணிட்டு, நான் சரியா கவனிக்கலன்னு அவங்களே ட்விட்டர்ல எழுதினாங்க. நிறைய பேர் அவங்க நேர்மைய பாராட்டினாங்க. உங்க பேப்பர நம்பி எங்கயோ ஒரு ஸ்காலர் அதே எக்ஸ்பெரிமென்ட ஆறு மாசமா பண்ணி ஏன் வரலன்னு தன்னையே சந்தேகப்பட்டுட்டு இருக்கலாம், அவங்கள நினைச்சா தயக்கம் போயிடும்.

முதல்ல மூல ஃபைல வச்சு கிராஃப திரும்ப போட்டு, எந்த வாக்கியம் எல்லாம் மாறுதுன்னு குறிச்சுக்கங்க. கூட எழுதினவங்க எல்லாருக்கும் அதை அனுப்பி ஒப்புதல் வாங்குங்க, கரஸ்பாண்டிங் ஆத்தர் (ஜர்னலோட தொடர்புல இருக்கற ஆத்தர்) தான் எடிட்டருக்கு எழுதணும், பழைய படம், புது படம், மூல டேட்டா மூணையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்க. சீனியர் யாராவது விட்டுடுப்பான்னு சொன்னா, நீங்களே எடிட்டருக்கு எழுதலாம், அதுக்கு யார் அனுமதியும் வேண்டியதில்ல. பதில் வர லேட் ஆகும், நாலஞ்சு வாரம் பார்த்துட்டு நினைவூட்டுங்க, அப்பவும் அசையலன்னா பப்ளிஷரோட எத்திக்ஸ் பிரிவுக்கு எழுதுங்க, அந்த ஜர்னல் கோப் உறுப்பினரா இருந்தா அங்கயும் புகார் குடுக்க வழி இருக்கு. பழைய பேப்பர அடுத்து எங்கயாவது மேற்கோள் காட்டற மாதிரி இருந்தா கரெக்ஷன் வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்க.